பழைய கேரவனுக்குள் போஹீமியன் அலங்காரம்: எந்தத் துணி, எந்த இடம், எவ்வளவு எடை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லீட்ஸ் பக்கத்தில் 1999-இல் செய்த, இரண்டு பேர் படுக்கக்கூடிய, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன் ஒன்றை நீங்களும் கணவரும் வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே எல்லாம் பழுப்பு நிறம். அதை வண்ணத் துணிகள், பின்னல் தொங்கல்கள், அடுக்கடுக்கான விரிப்புகள் கொண்ட போஹீமியன் பாணிக்கு மாற்ற 600 பவுண்டு ஒதுக்கியிருக்கிறீர்கள். டிசம்பரில் ஈரோட்டுக்குப் போகிறீர்கள், அங்கிருந்து துணி வாங்கி வரலாமா என்கிறீர்கள். கடைசி வரியில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறீர்கள்: "உள்ளே ஏறினாலே ஒரு பழைய வாசனை, ஒரு சில்லிப்பு. துணியெல்லாம் போட்டால் சரியாகிவிடும்தானே?" என் கண்ணுக்கு அதுதான் உண்மையான கேள்வி. துணி போட்டால் சரியாகாது. அந்த வாசனை ஈரத்தின் வாசனை. ஈரமான கேரவனில் போடும் ஒவ்வொரு துணியும் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தேன். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றில் 8 வருடம் வேலை. இங்கே வந்து 14 வருடமாக ஹல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் கேரவன் இருக்கைகளுக்கு உறை தைப்பதும் உட்புறத்தைப் புதுப்பிப்பதும்தான் தொழில். பிரிட்டனின் கேரவன் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி ஹல்லைச் சுற்றியே இருப்பதால் எல்லா வயதுக் கேரவனும் கைக்கு வரும். துணி, நுரை, பெயின்ட், மரவேலை பற்றி நான் சொல்வதை நம்பலாம். எரிவாயுக் குழாயும் மின் இணைப்பும் என் தொழில் இல்லை. எரிவாயுவுக்கு, கேஸ் சேஃப் பதிவேட்டில் இருப்பவர்களிலும் கேரவன் வேலைக்கென்று தகுதி பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும்.

முதல் வேலை ஈரத்தை அளப்பது. இரண்டு ஊசி கொண்ட ஈரமானி ஒன்றை வாங்குங்கள், அல்லது கேரவன் சர்வீஸ் செய்பவரிடம் அளக்கச் சொல்லுங்கள். ஜன்னல்களின் கீழ் மூலைகள், கூரை வெளிச்ச ஜன்னலைச் சுற்றிய இடம், மேல் லாக்கர்களின் உட்பக்கம், இருக்கைப் பெட்டிகளின் அடி, நான்கு ஓரங்கள் ஆகிய இடங்களில் குத்திப் பார்க்க வேண்டும். 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். 15 முதல் 20 வரை என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. 30-க்கு மேல் போனால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் மக்கிக்கொண்டிருக்கலாம். இந்த வயதுக் கேரவன்களில் அலுமினிய ஓரப்பட்டைகளுக்கு அடியில் இருக்கும் பசை காய்ந்து வெடித்திருக்கும், அந்தத் திருகுத் துளைகள் வழியாக மழை இறங்கும். அப்படி இருந்தால் உங்கள் 600 பவுண்டும் முதலில் அங்கே போகட்டும். அலங்காரம் அடுத்த வருடம். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் ஈரச் சுவரின் மேல் அழகான துணியை மாட்டி, ஒரே குளிர்காலத்தில் சுவரோடு சேர்த்து இழந்தவர்களை வருடம் ஒருவராவது பார்க்கிறேன்.

மழை கசியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தண்ணீர் உள்ளேயே பிறக்கிறது. இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கி எழுந்தால் மூச்சிலும் தோலிலும் இருந்து வரும் ஈரம் மட்டும் அரை லிட்டருக்கு மேல். அடுப்பு இன்னும் மோசம். புரோபேன் எரியும்போது அதன் எடையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் நீராவி உண்டாகும்: 1 கிலோ வாயுவுக்குச் சுமார் 1.6 கிலோ தண்ணீர். 6 கிலோ சிலிண்டர் ஒன்றைச் சமையலிலேயே காலி செய்தால் ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீரை உள்ளே ஊற்றியது போல. சோறு வடிக்கும் ஆவி, சாம்பார் கொதிக்கும் ஆவியெல்லாம் தனிக்கணக்கு. கேரவனோடு பொருத்தி வரும் எரிவாயு ஹீட்டர் இந்தக் கணக்கில் சேராது, அதன் புகை தனிக் குழாய் வழியாக வெளியே போய்விடுகிறது. இப்போது உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் தண்ணீர் பூக்கும். யார்க்‌ஷயரின் அக்டோபர் இரவில் ஜன்னல் ஓரமும் லாக்கரின் பின்சுவரும் இருக்கைக்கு அடியில் உள்ள மூலையும் 12 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். பூசணம் முதலில் அங்கேதான் பிடிக்கும்.

நீங்கள் விரும்பும் பாணியின் மூலத்தையே இங்கே பார்க்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் ஊர் ஊராகப் போகும் ரோமானி மக்களை போஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) வந்தவர்கள் என்று தவறாக நினைத்து 'போஹீமியன்' என்றார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசின் ஏழைக் கலைஞர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு அவர்கள் வாழ்ந்த அறைகளின் பாணிக்கும் ஒட்டிக்கொண்டது. ரோமானி மொழி இந்தோ-ஆரிய மொழி. தண்ணீருக்கு அவர்களுடைய சொல் 'பானி'தான். அந்த மக்கள் இங்கிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து வாழ்ந்த குதிரை வண்டி வீட்டுக்கு வார்டோ என்று பெயர். ரெடிங் நகரத்தின் டன்டன் குடும்பப் பட்டறை செய்தவை அவற்றில் புகழ்பெற்றவை. ஜூனில் கம்பிரியாவின் ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்குப் போனால் இன்றும் சில வார்டோக்களைக் காணலாம். நான் போயிருந்தபோது ஒரு குடும்பம் அனுமதித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். வாசலில் நுழைந்ததும் இடது கையில் அடுப்பு, பின்சுவரில் குறுக்காகப் படுக்கை, அதற்குக் கீழே கதவு வைத்த அலமாரி. வாசல் வண்டியின் முன்பக்கம் என்பதால், நுழைபவரின் இடது கை வண்டியின் வலப்பக்கம். வண்டி சாலையின் இடப்பக்கம் போகும்போது ஓரத்து மரக்கிளை புகைபோக்கியில் இடிக்காதபடி அடுப்பை அந்த வலப்பக்கம் வைத்திருக்கிறார்கள். செதுக்கலும் தங்கப் பூச்சும் லேஸும் கண்ணாடியுமாக அவ்வளவு வேலைப்பாடு இருந்தும் ஈர வாசனை துளியும் இல்லை. வானிலை இடம்கொடுக்கும்போதெல்லாம் அவர்களுக்குச் சமையல் வெளியே, நெருப்பின் மேல். உள்ளே இருக்கும் அடுப்பு விறகு அடுப்பு, அதன் புகையும் ஈரமும் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். நீங்களும் ஒரு சின்ன வெளி அடுப்பு வாங்கி, வேகவைக்கும் வேலையை வெளியே வைத்துக்கொண்டால் உள்ளே தாராளமாகத் துணி போட இடம் கிடைக்கும். மழை நாளில் உள்ளே சமைத்தால் கூரை ஜன்னலைத் திறந்தே வைத்துச் சமையுங்கள்.

இனி துணிக்கு வருகிறேன். போஹீமியன் படங்களில் தரை முழுக்கச் சணல் விரிப்பு இருக்கும். என் முதல் கேரவனில் நானும் அதைத்தான் செய்தேன். நன்றாக இறுக்கி நெய்த சணலை அளவெடுத்து வெட்டி, சுவரோடு சுவராக ஒட்டினேன். அக்டோபரில் மூடிவிட்டு மார்ச்சில் திறந்தபோது விரிப்பின் அடி கறுத்திருந்தது, கதவுப் பக்கம் தரைப் பலகை காலில் அமுங்கியது. நார்களின் தன்மையைப் பாடமாகப் படித்தவன் நான். ஆனாலும் அந்தப் பாடத்தைக் கேரவனுக்குள் எடுத்துப் போகவில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது உலர்ந்த பாலியெஸ்டர் தன் எடையில் 0.4 சதவீத ஈரத்தைத்தான் ஏற்கும். பருத்தி சுமார் 8, சணல் 13-க்கு மேல், கம்பளி 16. எண்ணை மட்டும் பார்த்தால் கம்பளிதான் மோசம் என்று தோன்றும். அப்படி இல்லை. கம்பளி ஈரத்தை நாருக்குள் வாங்கி வைத்துக்கொண்டாலும் தொட்டால் காய்ந்தே இருக்கும், காற்று வறண்டதும் திருப்பிக் கொடுத்துவிடும். சணல் நனைந்தால் பலம் குறையும், சீக்கிரம் மக்கும். பருத்தி நனைந்தால் பலம் கூடும், ஆனால் காயாமல் விட்டால் பூசணம் பிடிக்கும். தென்னை நாரில் லிக்னின் என்ற கெட்டியான மரப்பொருள் அதிகம் என்பதால் ஈரத்தை நன்றாகத் தாங்கும், வாசல் மிதியடிக்கு அதை விடச் சிறந்தது இல்லை.

ஆகவே என் பரிந்துரை இது. தரையில் ஏற்கனவே இருக்கும் வினைல் அப்படியே இருக்கட்டும், அதன் மேல் எதையும் ஒட்ட வேண்டாம். உதறி எடுத்து வெளியே காயப்போடக்கூடிய மெல்லிய பருத்தி ஜமுக்காளம் ஒன்று, அது வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வலை. போர்த்திக்கொள்ளவும் முதுகுக்கும் கம்பளி. இருக்கை உறைக்குக் கெட்டியான பருத்தியோ பருத்திக் கலப்போ. ஜன்னலுக்கு உள்துணி வைத்துத் தைத்த பருத்தித் திரை, ஆனால் கண்ணாடியைத் தொடாமல் தொங்க வேண்டும். உங்கள் ஜன்னல்கள் அநேகமாக அக்ரிலிக்காக இருக்கும். அதில் ஒட்டுப் பசை, ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் படக்கூடாது, வலைபோல் நுண் விரிசல் விழும். சுவர்த் தொங்கல் ஆசைப்படுகிறீர்கள். குளியலறையைப் பிரிக்கும் உள்சுவரில் மாட்டுங்கள். அதன் இரண்டு பக்கமும் அறைச் சூடு இருப்பதால் ஈரம் பூக்காது. வெளிச்சுவரில் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மேலே ஒரு மெல்லிய மரச்சட்டம் அடித்து, துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். சட்டத்தை எங்கே அடிப்பது என்பதும் முக்கியம். கேரவன் சுவர் என்பது 3 மில்லிமீட்டர் பலகைக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் நுரைதான். தட்டிப் பார்த்து, உள்ளே மரம் இருக்கும் இடத்தில் மட்டும் திருகுங்கள். திருகு 15 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், வெளித் தகடு தூரத்தில் இல்லை.

இருக்கை மெத்தைகள்தான் இந்த வேலையின் பெரிய செலவு, பெரிய பலனும். 25 வருடத்துக்கு மேலான நுரை உள்ளே தூளாகியிருக்கும். விரலால் அமுக்கி விட்டால் உடனே எழ வேண்டும். எழாவிட்டால் மாற்றுங்கள். கன மீட்டருக்கு 35 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி கேளுங்கள். பிரிட்டனில் 1988-ஆம் வருடத் தீ பாதுகாப்பு விதிகளின்படி, கடையில் விற்கும் நுரை தீ பரவுவதைத் தாமதப்படுத்தும் வகையாக இருக்க வேண்டும். இணையத்தில் எங்கிருந்தோ வரும் மலிவு நுரையை வாங்காதீர்கள். உறைத் துணிக்கும் அதே விதிகள் உண்டு. பருத்தி, கம்பளி போன்ற இயற்கை நார் 75 சதவீதமாவது இருக்கும் துணிக்கு ஒரு வழி விட்டிருக்கிறார்கள்: அடியில் தீத்தடுப்பு உள்துணி ஒன்றை வைத்துத் தைத்தால், எரியும் சிகரெட்டை வைத்துப் பார்க்கும் சோதனையில் மட்டும் தேறினால் போதும். உங்களுக்காக நீங்களே தைத்துக்கொள்வதை யாரும் வந்து சோதிக்கப்போவதில்லை. ஆனாலும் அந்த உள்துணியை வைத்துத் தையுங்கள் என்றுதான் சொல்வேன். கேரவனில் ஒரே கதவு. நீங்கள் தூங்குவதும் அடுப்பு இருப்பதும் நான்கு எட்டு தூரத்துக்குள்.

தீ பற்றிச் சொல்லும்போது, பின்னல் தொங்கல் மேல் எனக்குள்ள தயக்கத்தையும் சொல்ல வேண்டும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். பருத்தி எரிந்துகொண்டே இருக்க 18 சதவீதம் போதும், அக்ரிலிக்குக்கும் அப்படித்தான். கம்பளிக்கு 25 வேண்டும், அதனால்தான் தீயை எடுத்ததும் பெரும்பாலும் தானாக அணைகிறது. பருத்திக் கயிற்றில் முடிந்த மாக்ரமே தொங்கல் நாலு பக்கமும் காற்று படும்படி தொங்குவதால் விரிப்பை விட வேகமாகப் பிடித்துக்கொள்ளும். அடுப்பிலிருந்தும் ஹீட்டரிலிருந்தும் ஒரு மீட்டருக்குள் எந்தத் துணியும் தொங்க வேண்டாம் என்பது என் பட்டறையின் வழக்கம், சட்டம் இல்லை. மெழுகுவர்த்தி வேண்டவே வேண்டாம். தரையிலும் கூரையிலும் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும், குளிர் காற்று வருகிறது என்று பலர் விரிப்பால் மூடிவிடுகிறார்கள். புரோபேன் காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரை வழியாக வெளியேறத்தான் அந்தத் துளைகள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் திரைச்சீலைக்கு மறைவில் இல்லாமல் மாட்டிவையுங்கள். இந்தப் பத்தியில் சொன்னவற்றில் எதையும் அழகுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது எடை. உங்கள் கேரவனின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு தகடு இருக்கும், அதில் மொத்த எடையின் உச்ச வரம்பு எழுதியிருக்கும். அந்தக் கால இரண்டு பேர் கேரவன்களில் நீங்கள் ஏற்றக்கூடிய சாமானுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் 150 கிலோவைச் சுற்றித்தான். பேட்டரி சுமார் 23, நிரம்பிய 6 கிலோ சிலிண்டர் சுமார் 15, கூடாரம் 20-க்கு மேல். மிச்சத்தில்தான் பாத்திரம், உடை, சாப்பாடு, அலங்காரம் எல்லாம். 12 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை ஒரு முழுத் தாள் 27 கிலோ வரும். அதே அளவு பாப்லர் பிளைவுட் 16 கிலோ. புத்தக அலமாரி, களிமண் ஓடு, பெரிய நிலைக்கண்ணாடி எல்லாம் படத்தில்தான் அழகு. எடை எங்கே இருக்கிறது என்பதும் ஓட்டும்போது தெரியும். கேரவனின் மூக்கு, காரின் கொக்கியை அழுத்தும் எடை மொத்தத்தில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். காரும் கொக்கியும் தாங்கும் வரம்பையும் தாண்டக் கூடாது. பின்பக்கம் கனமான அலமாரி வைத்து மூக்கு லேசானால் நெடுஞ்சாலையில் கேரவன் பாம்புபோல் ஆடும். கனமானது எதுவானாலும் தரையோடு, சக்கர அச்சின் மேல் வையுங்கள். வேலை முடிந்ததும் ஒருமுறை எடை மேடைக்குப் போய் நிறுத்துப் பாருங்கள். வார்டோ செய்தவர்கள் மரச்சட்டங்களின் ஓரங்களைச் சீவிச் சீவி அலங்கரித்ததற்கு ஒரு காரணம் எடையைக் குறைப்பதும்தான். அந்த அலங்காரத்தில் எதையும் சேர்க்கவில்லை, எடுத்துத்தான் இருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வேலையையே நான் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினேன்.

எடையே கூட்டாத அலங்காரம் பெயின்ட். சசெக்ஸில் லூயிஸ் ஊருக்குப் பக்கத்தில் சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீடு இருக்கிறது. ஓவியர்கள் வனேசா பெல்லும் டங்கன் கிராண்டும் 1916-இல் குடியேறி, கதவு, கணப்பு மாடம், மேசை, கட்டில் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றிலும் வரைந்த வீடு. இப்போது அருங்காட்சியகம். ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே கடையில் வாங்கிய அலங்காரம் குறைவு. சாதாரண சாமானின் மேல் கையால் போட்ட வட்டமும் பூவும் கோடும்தான் அந்த வீடு. உங்கள் பழுப்பு லாக்கர் கதவுகள் வழவழப்பான படலம் ஒட்டிய பலகை, நேரடியாக அடித்தால் பெயின்ட் உரிந்துவிடும். சர்க்கரை சோப் என்று இங்கே விற்கும் துப்புரவுத் தூளில் கழுவி, நைசான உப்புத்தாளால் பளபளப்பைக் கொன்று, அரக்கு அடிப்படையிலான பிரைமர் ஒரு பூச்சு, பிறகு சாட்டின் பெயின்ட் இரண்டு பூச்சு. அரக்கு நம் நாட்டு மரங்களில் பூச்சி வைப்பதுதான், வழுக்கும் பரப்பில் அதைப் போல் பிடிப்பது அரிது. இரண்டு வாரம் முழுதாக இறுகும் வரை கதவுகளை அழுத்தி மூடாதீர்கள். கூரையும் மேல் சுவரும் வெண்ணெய் நிறமாகவே இருக்கட்டும். இரண்டு மீட்டர் அகலம்கூட முழுதாக இல்லாத அறையில் கூரையை இருட்டாக்கினால் அடைத்துவைத்தது போல இருக்கும்.

விளக்கு மாற்றுவது மிக மலிவு, ஆனால் ஒரே மாலையில் எல்லாவற்றையும் விட அதிகமாக மாற்றுவது அதுதான். அந்த வயதுக் கேரவன்களில் நீலம் பாய்ந்த டியூப் லைட் இருக்கும். 2700 கெல்வின் மஞ்சள் எல்இடி போடுங்கள், நிறத்தை உண்மையாகக் காட்டும் தரமானதாக. தரம் குறைந்தால் சிவப்புத் துணி செங்கல் நிறமாகத் தெரியும். 10 வாட்டில் 5 மணி நேரம் எரிந்தாலும் 12 வோல்ட் பேட்டரியில் சுமார் 4 ஆம்பியர் மணிதான் செலவு. தலைக்கு மேல் ஒரே விளக்காக இல்லாமல், தோள் உயரத்தில் மூன்று நான்கு இடத்தில் சின்னதாக வையுங்கள்.

வண்ணத்தையும் வடிவத்தையும் சேர்ப்பதில் விதி எதுவும் கிடையாது, இனி சொல்வது என் ரசனை. நான்கு நிறத்துக்கு மேல் போகாமல் இருந்தால் எவ்வளவு வடிவம் கலந்தாலும் கண் உறுத்தாது. வெண்ணெய், மஞ்சிட்டிச் சிவப்பு, அவுரி நீலம், காவி மஞ்சள் என்று எடுத்துக்கொண்டால் போர்வையிலும் மெத்தையிலும் திரையிலும் அவையே மாறி மாறி வரட்டும். பெரிய உருவம் போட்ட துணி ஒன்றே ஒன்று, நடுத்தரம் ஒன்று, மீதி எல்லாம் கோடு, கட்டம், பொடிப் பூ. திண்டுகள் ஆறுக்கு மேல் வேண்டாம். படுக்கையை விரிக்கும்போது அவற்றை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு இரவும் தேட வேண்டியிருக்கும். தொட்டிச் செடிகளும் வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து வாங்கி வரலாமா என்றால், தாராளமாக. இங்கே கடைகளில் 'போஹோ' என்று விற்கும் போர்வையையும் திண்டு உறையையும் திருப்பிப் பாருங்கள், இந்தியாவில் செய்தது என்ற சீட்டு எத்தனையில் இருக்கிறது என்று. கரூரில் நாங்கள் நெய்து அனுப்பியது இவற்றைத்தான். பானிப்பட்டில் இங்கிருந்து போகும் பழைய கம்பளி உடைகளைப் பிரித்து நூலாக்கி மறுபடி போர்வையாகவே அனுப்புகிறார்கள். உங்கள் ஊரிலிருந்து பவானி 15 கிலோமீட்டர்தான். கைத்தறி ஜமுக்காளம் கெட்டியாகவும் மடிக்கக்கூடியதாகவும் இருக்கும், புவிசார் குறியீடு பெற்றது. விசைத்தறியில் அதே கோடு போட்டு வருவதும் சந்தையில் இருக்கிறது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டு வாங்குங்கள். கேரவன் தரையின் நடுப்பகுதி குறுகலான நடைபாதை என்பதால் அதற்கேற்ற அகலத்தில் கேளுங்கள். சென்னிமலைப் பெட்ஷீட் திரைக்கும் போர்வைக்கும் நன்றாக இருக்கும். இருக்கை உறைக்கு அதை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். உட்காரும் துணியை மார்ட்டின்டேல் என்ற எந்திரத்தில் தேய்த்துச் சோதிப்பார்கள், வீட்டு சோபாவுக்கே 20,000 சுற்று தாங்க வேண்டும் என்பது பொது வழக்கம். மெல்லிய கைத்தறி அதைத் தாங்காது. கீழே ஒரு கெட்டியான ஒற்றை நிற உறை, அதன் மேல் கைத்தறியை விரித்துச் செருகிவிடுங்கள். கழற்றித் துவைக்கவும் முடியும்.

வாங்கும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியில் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் அது இருக்கையிலும் ஏறும், உங்கள் உடையிலும் ஏறும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்வார். சாயத் தொட்டியில் சாயத்தை நாருக்குத் தள்ளத்தான் உப்பு உதவும், பிடிக்காமல் நிற்கும் சாயத்தை வீட்டில் உப்புப் போட்டுப் பிடிக்க வைக்க முடியாது. மஞ்சளால் சாயம் ஏற்றிய துணி ஈரோட்டுக்காரர்களுக்கு நெருக்கமானது. ஆனால் கேரவன் ஜன்னல் வெயிலில் ஒரு கோடை தாங்காது, மடித்து வைக்கும் இடத்துக்கு மட்டும் வாங்குங்கள். அவுரி வெயிலில் பரவாயில்லை, ஆனால் உரசினால் நீலம் ஏறும். கைத்தறிப் பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கும் அதற்கு மேலும் சுருங்கும். ஆகவே வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள்.

சுவர் காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு உங்கள் பணத்தை நான் பிரிப்பதென்றால், பாதிக்கு மேல் நுரைக்கும் உறைக்கும், நூறு பவுண்டு பெயின்டுக்கும் விளக்குக்கும், ஐம்பது ஈரமானிக்கும் எச்சரிக்கைக் கருவிக்கும். மீதி ஈரோட்டுக்கு. குளிர்காலத்தில் கேரவனை நிறுத்தி வைக்கும்போது எல்லாத் துணியையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். மெத்தைகளுக்கு வீட்டில் இடமில்லை என்றால் சுவரில் சாய்க்காமல் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, லாக்கர் கதவுகளைத் திறந்து வையுங்கள். விமானம் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கேரவன் இருக்கைகள் பார்க்க நீள்சதுரமாக இருந்தாலும் பின்பக்கம் சுவரின் வளைவுக்கேற்பச் சாய்வாகவும் மூலையில் வெட்டுப்பட்டும் இருக்கும். அளவு நாடாவில் எடுத்த எண் போதாது. பழைய செய்தித்தாள்களை ஒட்டி ஒவ்வொரு மெத்தையின் வடிவத்தையும் அப்படியே வெட்டி, எது மேல் பக்கம், எது கதவுப் பக்கம் என்று எழுதி மடித்துப் பெட்டியில் எடுத்துப் போங்கள். ஈரோட்டில் கடை மேசையில் அதை விரித்து, மேலே சுருக்கத்துக்கு ஒரு சாண் கூடுதல் விட்டு நீளமாக வெட்டித் தரச் சொன்னால் போதும், வடிவமாக வெட்டுவது துவைத்த பிறகு.